பல்லியம் ஏட்டில் ஏறிய வரலாறு

சென்ற ஆண்டு விழாவின்போது நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியர் மேடையேறி ஓர் இசைநிகழ்ச்சி நடத்தியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயலின் ஆறு, புல்லாங்குழல் இரண்டு, கிளாரினெட் ஒன்று, கீபோர்டு ஒன்று, மிருதங்கம் ஒன்று, பாடுவோர் பதினால்வர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தாங்கியில் தாள் விரிக்கப்பட்டிருந்தது. நிகழ்ச்சி முடிந்தபின் முதியவர் ஒருவர் எம்மை அணுகி, "பிள்ளைகள் எதைப் பார்த்து வாசித்தார்கள்? நம் பக்கத்துக் கச்சேரிகளில் வித்துவான்கள் முன்னால் இப்படித் தாள் கண்டதில்லையே?" என்று வினவினார். அத்தாள்கள் எம் வீட்டுக் கணிப்பொறியில் எழுதி அச்சிட்டவை என்றோம். அவர் வியந்தார். ஆயினும் அவர் கேட்ட வினாவிற்கு அது விடையன்று என்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தோம். பலர் கூடி ஒலிக்கும் இசையைத் தாளில் எழுத வேண்டிய தேவை எங்கே, ஏன் பிறந்தது? அத்தொழில் எவ்வாறு கணிப்பொறிக்குள் வந்து சேர்ந்தது? வந்ததால் பெற்றது எவ்வளவு, இழக்க இருப்பது எவ்வளவு? அவற்றை இம்மலரில் எழுத இசைந்தோம்.

பல கருவிகள் கூடி ஒலிப்பது தமிழர்க்குப் புதுமையன்று. பல்லியம் என்னும் சொல் பழந்தமிழ்ச் சொல். புறநானூற்றின் 64ஆம் பாட்டைப் பாடிய புலவரின் பெயரே நெடும்பல்லியத்தனார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே, மாதவி ஆடிய அரங்கில் குழல் முன்செல்ல, குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதனைத் தொடர்ந்து முழவும் நின்று இசைத்த முறையை இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். ஒன்றை ஒன்று தொடர்தலே அங்கு நெறி. பாட்டு ஒன்று, பண் ஒன்று, தாளம் ஒன்று. முன்செல்வதைச் செவியாற் பற்றிப் பின்செல்லத் தெரிந்த கலைஞனுக்குத் தாள் எதற்கு? இன்றும் வயலின் வித்துவான் பாடகரை நிழல்போல் தொடர்வது இந்நெறியின்படியே.

எழுத்து நம்மிடம் இல்லாமலும் இல்லை. புதுக்கோட்டைச் சீமையில், குடுமியான்மலைப் பாறையில், ஏழாம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட இசைக்கல்வெட்டு, சுர எழுத்துக்களை நான்கு நான்காக அடுக்கி ஏழு பகுதிகளாகக் காட்டுகிறது. மாணாக்கர் நலங்கருதிச் செய்யப்பட்டதென்று அக்கல்வெட்டே கூறுகிறது. கற்பதற்கு உரிய எழுத்து அது. மேடையிற் பார்த்து வாசிப்பதற்கு உரியதன்று.

மேலைநாட்டில் நிலைமை வேறாயிற்று. அங்கும் தொடக்கத்தில் கோயில்களில் எல்லாரும் கூடி ஒரே மெட்டைத்தான் பாடினர். பாட்டுக்களோ மிகப் பல. அவற்றை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் சிறுவர் வாலிபராயினர். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு அரெட்சோ நகரில் அச்சிறுவர்க்குக் கற்பித்துவந்த குய்தோ என்னும் துறவி, கோடுகளையும் அவற்றின் இடைவெளிகளையும் சுரங்களின் இருப்பிடங்களாக்கி ஓர் ஒழுங்கு செய்தார். முன்பு கேளாத பாட்டையும் தாளைப் பார்த்த அளவில் பாடலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. இதற்குள் வேறொரு மாறுதலும் அங்கே வளர்ந்துவந்தது. பல குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு மெட்டுக்களைப் பாடி, அவை தம்முள் பொருந்தி ஒலிக்கச் செய்யும் முறை அது. இம்முறையில் ஒருவனைப் பின்பற்றி மற்றவன் செல்ல இயலாது. இவன் ஏறும்போது அவன் இறங்க வேண்டும். இவன் நீட்டும்போது அவன் நிறுத்த வேண்டும். செவி மட்டும் போதாமையால் எழுத்து இன்றியமையாததாயிற்று. எம்மை வினவிய பெரியவர்க்கு உரிய விடையின் முதற்பகுதி இதுவே.

அச்சுத்தொழில் தோன்றியபின் இசையும் அச்சேறியது. வெனிஸ் நகரத்து ஒத்தாவியானோ பெத்ருச்சி 1501ஆம் ஆண்டில் பலகுரற் பாட்டுக்களை வார்ப்பெழுத்துக்களால் பதிப்பித்தார். கோடுகள் ஒரு முறை, சுரங்கள் ஒரு முறை, எழுத்துக்கள் ஒரு முறை என ஒரே தாள் மீண்டும் மீண்டும் பொறியில் ஏறிற்று. மயிரிழை பிசகினும் சுரம் தன் கோட்டை விட்டு அயற்கோட்டில் போய் அமர்ந்துவிடும்! அக்காலப் பதிப்புக்களில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகவே இடம் பெற்றது. எல்லாக் குரல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நெடுங்கோடுகளால் தாளக் கட்டங்களைப் பிரித்துக் காட்டும் நூல் பிற்பட்டே அச்சில் வந்தது. சிப்ரியானோ த ரோரே என்பாரின் நாற்குரற் பாட்டுக்கள் 1577இல் வெனிஸில் அவ்வாறு வெளிவந்தன. இவ்வாறு அடுக்கியதை முழு ஏடு என்போம். ஸ்கோர் எனக் கலைஞர் கூறுவது அதுவே. ஒரு கருவிக்கு மட்டும் உரியதைப் பிரித்தெழுதினால் அது தனி ஏடு. இவ்விரு சொற்களையும் அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

வார்ப்பெழுத்துக்களால் நுணுக்கமான இசையை அச்சிடுதல் அரிதாயிருந்தமையின், பின்னாளில் உலோகத் தகட்டில் வெட்டும் முறை பரவிற்று. இத்தொழிலின் அருமையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஈயமும் தகரமும் கலந்த மெல்லிய தகட்டின்மேல் ஐந்து பல்லுடைய கருவியால் ஒரே இழுப்பில் ஐந்து கோடுகளை இழுப்பர். சுரத்தின் தலைக்கு ஒரு முத்திரை, முன்குறிக்கு ஒரு முத்திரை என எஃகு முத்திரைகளை வைத்துச் சுத்தியலால் தட்டுவர். காம்புகளையும் இணைப்புக்களையும் உளியாற் கீறுவர். இவ்வளவும் கண்ணாடியிற் காணும் உருவம்போல் வலமிடமாக மாற்றிச் செய்ய வேண்டும். பிழை நேர்ந்தால் தகட்டைத் திருப்பி, பின்புறமிருந்து தட்டிச் சமன்செய்து, மீண்டும் வெட்ட வேண்டும். செருமனி நாட்டு லைப்சிக் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. பல ஆண்டுகள் பயின்றாலன்றி ஒருவன் இதில் தேர்ச்சி பெறான். எங்கே இடம் விட வேண்டும், எங்கே நெருக்க வேண்டும், வாசிப்பவன் எந்த இடத்தில் பக்கம் புரட்டக் கை ஓயும் என்பனவெல்லாம் அவன் கண்ணளவில் இருந்தன. அவனுடைய அறிவைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பதுதான் பின்வந்தோர்க்குப் பெரும்பாடாயிற்று.

இவ்வெழுத்துமுறை நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றில் தமிழர் ஒருவரை மறத்தல் ஆகாது. சென்னையில் அரசாங்க அலுவலில் இருந்த ஏ. எம். சின்னசாமி முதலியார், தியாகராசர் முதலியோரின் கீர்த்தனைகளை மேலைநாட்டுக் கோட்டெழுத்தில் வரைந்து, 1893ஆம் ஆண்டில் சென்னைப் புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். நம் இசை உலகோர் அறியும் எழுத்தில் இருந்தால் அழியாது என்பது அவர் நம்பிக்கை. கோட்டில் அமர்ந்த சுரத்திற்கும் பாடகரின் தொண்டையில் அசையும் சுரத்திற்கும் உள்ள தூரம் அவர்க்குத் தெரியாததன்று. அதனாலேயே அடையாளங்கள் பலவற்றை அவர் மேற்கொள்ள நேர்ந்தது. எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் தம் பெருநூலாகிய சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை 1904இல் வெளியிட்டதற்கு முதலியாரின் தூண்டுதலும் ஒரு காரணம். அந்நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. கோடுகள் அதில் இல்லை. ஆனால் கம்பிதம், நொக்கு, ஒதுக்கல், ஜாரு என அசைவுகளுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. ஒருவர் ஐந்து கோட்டில் எழுதினார். மற்றவர் எழுத்தின் தலைமேல் குறியிட்டார். இருவர்க்கும் சிக்கல் ஒன்றே. அது இன்றும் தீரவில்லை என்பதைக் கீழே காண்போம்.

இனி, நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகருக்கு வருவோம். தாதரிலும் தார்தேவிலும் பாந்திராவிலும் இருந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் 1940களுக்குப் பின்னர்த் திரைப்படப் பல்லியங்கள் பெருகின. இசையமைப்பாளர் பலர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டை உண்டாக்குவர்; கோட்டெழுத்தில் அவர்க்குப் பழக்கம் குறைவு. அம்மெட்டைக் கேட்டு, இன்ன இடத்தில் வயலின்கள், இன்ன இடத்தில் டிரம்பெட், இன்ன இடத்தில் செல்லோ எனப் பகுத்து முழு ஏடு எழுதுவோர் அரேஞ்சர் எனப்பட்டனர். அவருள் மிகப் பலர் கோவாவிலிருந்து வந்தவர். போர்த்துகீசியர் ஆட்சியில் அங்கே கோயிலைச் சார்ந்த பள்ளிகளில் ஊர்ச் சிறுவர்க்கு வயலினும் கோட்டெழுத்தும் கற்பிக்கப்பட்டமையே இதற்குக் காரணம். நாட்டுப் பிரிவினைக்கு முன் இலாகூரில் இசைக்குழு நடத்திய செபாஸ்டியன் டிசோசா பின்னர் இங்கு வந்து, சங்கர்-ஜெய்கிஷன் இசையமைத்த படங்களுக்கு நெடுங்காலம் அரேஞ்சராய் இருந்தார். மஜோர்டா ஊரினராகிய அந்தோணி கொன்சால்வஸ், இந்துஸ்தானி இராகங்களைப் பல்லியத்திற்கு எழுதி, 1958இல் தூய சவேரியார் கல்லூரி வளாகத்தில் ஒரு பெரு நிகழ்ச்சியே நடத்தினார். அவரிடம் வயலின் கற்ற பியாரேலால், 1977இல் வெளிவந்த படமொன்றின் புகழ்பெற்ற பாட்டில் தம் ஆசிரியரின் பெயர் ஒலிக்கச் செய்தார். பாட்டை முணுமுணுத்தவர் கோடிக்கணக்கினர். அப்பெயர் உண்மையான ஒரு மனிதருடையது என்று அறிந்தவர் எத்தனை பேர்?

இவர்கள் எழுதிய தாள்கள் என்ன ஆயின? முழு ஏட்டிலிருந்து தனி ஏடுகளைக் கையால் படியெடுத்துக் கொடுப்பர். பதிவு அன்றே முடியும். மறுநாள் வேறொரு பாட்டு. தாள்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை. பெரும்பாலானவை கழிவுத்தாளோடு போயின. ஒலித்தட்டில் பாட்டு இருக்கிறது. எழுதிய கை மறைந்துபோயிற்று. இன்று அப்பாட்டுக்களை மேடையில் மீண்டும் வாசிக்க விரும்புவோர் ஒலித்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு வயலினையும் பிரித்தெழுத வேண்டியிருக்கிறது. சென்னையிலும் இவ்வழக்கம் உண்டு. அங்கே கலைஞர் இத்தாள்களை 'நோட்ஸ்' என்பர். தன்ராஜ் மாஸ்டரிடம் கோட்டெழுத்துப் பயின்ற இளையராஜா, தம் கையாலேயே முழு ஏட்டை விரைந்து எழுதுபவர் என்பது நாடறிந்த செய்தி. அவருடைய முதல் சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் பல்லியத்தால் அரங்கேறியது.

கணிப்பொறி இத்துறையில் புகுந்த தொடக்கக் காலத்து முயற்சி ஒன்று 1957இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியியலார் எழுதிய நிரல், ஐ.பி.எம். 704 என்னும் பெரும்பொறியைக் கொண்டு 17 விநாடி நேரம் ஓர் இசையை ஒலிக்கச் செய்தது. அக்காலத்திலேயே இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்னும் இருவர், நான்கு நரம்புக் கருவிகளுக்கு ஓர் இசையைக் கணிப்பொறியைக் கொண்டே இயற்றினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொறி இசையை இயற்றிற்றேயன்றி அதனை எழுத அதற்குத் தெரியவில்லை! அது வெளியிட்ட குறியீடுகளை மனிதரே கோட்டெழுத்தாக மாற்றி வாசிப்போர் கையில் கொடுத்தனர். இசையை ஒலித்தலினும் எழுதுதல் கடினம் என்பதை இது காட்டும். ஒலிக்கு ஓடும் காலம் ஒன்றே அளவு. தாளிலோ மேலும் கீழும் பக்கமும் இடம் ஒதுக்க வேண்டும். ஒன்றோடொன்று மோதாமல் காம்பும் வளைகோடும் சொல்லும் அமைய வேண்டும்.

இச்சிக்கலை எடுத்துக்கொண்டோர் பலர். அவருள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் பசூன் வாசிப்பவருமாகிய லீலண்டு ஸ்மித்தைச் சிறப்பாகக் கூற வேண்டும். 1970களில் அவர் எழுதிய நிரல், பேனா பொருத்திய வரைபொறியைக் கொண்டு பெரிய தாளில் இசையை வரைந்தது. அதனைப் படமெடுத்துச் சுருக்கி அச்சிட்டனர். ஸ்கோர் என்னும் பெயரிலேயே பின்னர் அது சிறு கணிப்பொறிகளுக்கு வந்தது; தகடு வெட்டுவோர் அருகிவிட்ட காலத்தில் பெரும் பதிப்பகங்கள் சில அதனை நம்பியிருந்தன. திரையில் சுட்டியால் சுரத்தை எடுத்து வைக்கும் முறையைச் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1980 அளவில் ஆர்ன்ஸ்டைன், மாக்ஸ்வெல் என்னும் இருவர் செய்து காட்டினர். ஆயினும் அஃது விற்பனைக்கு வரவில்லை.

1983ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அமெரிக்கராகிய டேவ் ஸ்மித்தும் சப்பானியராகிய இகுதாரோ ககெஹாஷியும் முன்னின்று முயன்றதன் பயனாக, ஒரு நிறுவனத்தின் கீபோர்டும் மற்றொரு நிறுவனத்தின் கீபோர்டும் தம்முள் பேசிக்கொள்ளும் பொதுமொழி ஒன்று உருவாயிற்று. மிடி என்பது அதன் பெயர். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு, எப்போது விடப்பட்டது என்பனவே அதன் சொற்கள். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. பதினாறு வழிகளில் பதினாறு கருவிகள் ஒரே வேளையில் செல்லலாம். வீட்டில் தனியே இருந்து ஒருவர் பல்லியம் முழுவதையும் எழுதிக் கேட்பதற்கு வழி திறந்தது இதனாலேதான். 1988இல் பில் ஃபாரண்டு இயற்றிய ஃபினாலே வந்தது. இங்கிலாந்தில் பென், ஜோனதன் என்னும் ஃபின் இரட்டையர் மாணவப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிய சிபேலியஸ், 1993இல் ஏகார்ன் கணிப்பொறிக்கு வெளிவந்தது. அந்நிறுவனம் 2006இல் கைமாறிற்று. 2012இல் அதன் இலண்டன் அலுவலகம் மூடப்பட்டபோது வெளியேறிய குழுவினரே வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து 2016இல் டோரிகோவைத் தந்தனர். விலையின்றிக் கிடைப்பனவும் உண்டு. ஆலந்து நாட்டவர் இருவர் 1996இல் தொடங்கிய லில்லிபாண்ட், பழைய தகட்டு வேலையின் அழகை முன்மாதிரியாகக் கொண்டது. வெர்னர் ஸ்வீர் 2002இல் தொடங்கிய மியூஸ்ஸ்கோர் இன்று உலகெங்கும் மாணவர் கையில் இருக்கிறது. யாம் பயன்படுத்தியது இதனையே.

எம் அனுபவத்தையும் சிறிது கூறுவோம். முதலில் எந்தெந்தக் கருவி வேண்டும் என்று தேர்ந்துகொண்டால், அவற்றிற்குரிய கோடுகள் மேலிருந்து கீழாகத் திரையில் அடுக்கப்படுகின்றன. சுரங்களை இட்டவுடன் ஒலித்துக் கேட்கலாம். வயலினின் மிகத் தாழ்ந்த கம்பிக்கும் கீழே ஒரு சுரத்தை எழுதினால் அச்சுரம் நிறம் மாறி, இஃது இயலாது என எச்சரிக்கிறது. முழு ஏட்டில் ஒரு கட்டத்தைக் குறைத்தால் பதினொரு தனி ஏடுகளிலும் அது தானே குறைந்துவிடுகிறது. அக்காலத்தில் இசையமைப்பாளர் ஒரு கட்டத்தை வெட்டிவிட்டால், படியெடுப்போர் இரவெல்லாம் கண்விழித்து ஒவ்வொரு தாளையும் திருத்தினர். இவ்வொரு நன்மைக்காகவே பொறியை வணங்கலாம்.

ஆயினும் பொறியை நம்பி யாம் செய்த பிழைகள் இரண்டு. கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியதை வாசித்தால் ஒரு முழுச்சுரம் தாழ்ந்தே ஒலிக்கும். ஆகவே அதற்கு ஒரு முழுச்சுரம் உயர்த்தி எழுதுவது மரபு. மென்பொருள் இதனைத் தானே செய்யும். ஆனால் ஒலிக்கும் சுருதியிலேயே எல்லாவற்றையும் காட்டு என்று கட்டளையிடும் ஒரு பொத்தானும் உண்டு. அதனை அழுத்தியவாறே மறந்து அச்சிட்டுவிட்டோம். முதல் ஒத்திகையில் கிளாரினெட் வாசித்த சிறுவன் தன் தாளில் உள்ளதைப் பிழையின்றி வாசித்தான். கேட்டவர் அனைவரும் அவனையே நோக்கினர். குற்றம் எம்முடையது என அறிவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டாவது, புல்லாங்குழலுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் இடைவிடாது எழுதியிருந்தோம். கணிப்பொறி அதனை எத்தனை முறையும் களைப்பின்றி வாசித்தது. வாசித்த சிறுமியோ ஏழாம் கட்டத்தில் நிறுத்திவிட்டு, "மாமா, மூச்சு எங்கே விடுவது?" என்று கேட்டாள். பொறிக்கு மூச்சு இல்லை என்பது எமக்குத் தெரியும். தெரிந்தும் அதன் வாசிப்பையே அளவுகோலாகக் கொண்டுவிட்டோம்.

இவை திருத்தக் கூடிய பிழைகள். மூன்றாவதாக நேர்ந்ததைத் திருத்த இயலவில்லை. நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கள். சங்கராபரணத்தில் அமைந்த முதற்பாட்டு கோடுகளில் இனிதே அமர்ந்தது. இரண்டாவது பேகடா. இவ்விரு இராகங்களின் சுரங்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் பேகடாவின் மத்திமத்தையும் நிடாதத்தையும் அவற்றிற்கே உரிய அசைவோடு பாடினால்தான் அது பேகடா. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை அம்மையார், யாம் எழுதியதைக் கணிப்பொறியில் ஒலிக்கக் கேட்டு, "இது என்ன இராகம், தம்பி? சங்கராபரணமா?" என்றார். யாம் நாணினோம். அசைவைக் குறிக்க மிடியில் வழி உண்டு; ஆனால் சுருதியை வளைத்தால் அவ்வழியில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் கூடவே வளையும். 2020இல் ஏற்கப்பட்ட புதிய மிடியில் ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்கலாம். எனினும் கோட்டின்மேல் அதனை எழுதுவது எப்படி? எழுதினாலும் பத்து வயதுச் சிறுவன் அதனைப் பார்த்து வாசிப்பது எப்படி? சின்னசாமி முதலியார்க்கும் தீட்சிதர்க்கும் இருந்த சிக்கல் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் எம் மேசைமேல் வந்து அமர்ந்தது. முடிவில் அம்மையார் சொற்படியே செய்தோம். பேகடாப் பாட்டில் கீபோர்டையும் கிளாரினெட்டையும் நீக்கினோம். வயலின்களுக்குச் சுரங்களை எழுதாது வெற்றுக் கட்டங்களை மட்டும் எண்ணிட்டு, 'பாடுவோரைத் தொடர்க' என்று எழுதிவைத்தோம். ஆறு வயலின்களும் பாட்டைச் செவியால் கற்றன. அப்பக்கத்தைத்தான் பெரியவர் பார்த்திருக்க வேண்டும்!

இனிச் சொல்ல இருப்பது ஒன்று. எழுதுவது எளிதானவுடன், எழுதியதைக் காப்பதும் எளிது என்று எண்ணிவிட்டோம். ஃபினாலேயை நடத்திவந்த நிறுவனம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2024 ஆகஸ்டு 26ஆம் நாள் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. வாழ்நாள் முழுவதும் அதில் எழுதியோர் உலகெங்கும் திகைத்தனர். ஒரு மென்பொருளின் கோப்பை மற்றொன்று நேரே படிப்பதில்லை. இத்துன்பம் வரும் என முன்னறிந்த மைக்கேல் குட் என்பார், எல்லா மென்பொருள்களும் படிக்கத்தக்க பொதுவடிவம் ஒன்றை வகுத்து 2004இல் மியூசிக் எக்ஸ்.எம்.எல். என்னும் பெயரில் முதற்பதிப்பை வெளியிட்டார். அதில் ஒரு படி எடுத்து வைத்தோர் தப்பினர். மற்றையோர் அவசர அவசரமாகப் பழைய கோப்புக்களைத் திறந்து மாற்றத் தொடங்கினர்.

நம் சங்கத்திலும் இத்தகைய இழப்பு ஒன்று உண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இன்று நம்மிடையே இல்லாத அன்பர் ஒருவர், ஆண்டு விழாவிற்கென ஒரு வரவேற்புப் பாட்டை இயற்றி, அதற்கு எட்டுக் கருவிகளுக்கு இசையும் எழுதினார். எந்த மென்பொருளில் என்பது இங்கு வேண்டா. அவர் குடும்பத்தார் பேணி வைத்திருந்த ஃபிளாப்பித் தட்டை எம்மிடம் அன்புடன் கொடுத்தனர். அதனைப் படிக்கும் பொறியைத் தேடிப் பிடிப்பதற்கே மூன்று மாதம் ஆயிற்று. கோப்பு கிடைத்தது, திறக்கவில்லை. எழுதிய மென்பொருளின் அந்தப் பதிப்பு இன்றைய கணிப்பொறி எதிலும் இயங்காது. அன்று பதிவு செய்த ஒலிநாடாவும் நம்மிடம் இல்லை. சங்க அலமாரியில் பழைய வரவுசெலவுக் கணக்குகளுக்கு இடையே, இரண்டாம் வயலினுக்கு உரிய தனி ஏடு மட்டும், மூன்று பக்கங்கள், ஓரம் மஞ்சளித்து அகப்பட்டது.

அவ்வேட்டை இப்போது மியூஸ்ஸ்கோரில் மீண்டும் எழுதி வைத்துள்ளோம். சென்ற ஆண்டு நிகழ்ச்சியின் முழு ஏட்டையும் தனி ஏடுகளையும் கெட்டித் தாளில் அச்சிட்டு, பொதுவடிவக் கோப்போடு சேர்த்து, சங்க நூலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். மூச்சு எங்கே என்று கேட்ட சிறுமி, இரண்டாம் வயலினின் சுரங்களைக் கொண்டு பாட்டின் மெட்டு எவ்வாறு இருந்திருக்கும் என ஊகித்துக்கொண்டிருக்கிறாள். நடுப்பகுதி ஓரளவு உருவாகியிருக்கிறது. தொடக்கத்திற்குத்தான் வழி தெரியவில்லை. முதல் எட்டுக் கட்டங்களில் இரண்டாம் வயலினுக்கு ஓய்வு. தாளில் வெற்றுக்குறிகளே உள்ளன. அன்று அப்பாட்டைப் பாடியவர், வாசித்தவர், அல்லது மண்டபத்தில் அமர்ந்து கேட்டவர் எவரேனும் இம்மலரைப் படிக்க நேர்ந்து, அதன் தொடக்கம் சிறிதேனும் நினைவில் இருந்தால், ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் எம்மைக் கண்டு பாடிக் காட்டுமாறு வேண்டுகிறோம்.